பின்கட்டுக்குச் சொல்லாத அப்டேட்

என் கணினியில் இரண்டு இயங்குதளங்கள் குடியிருக்கின்றன. விலை கொடுத்து வாங்கியது முன்கட்டில், இலவசமாக வந்தது பின்கட்டில். கணினியைப் போட்டதும் இரண்டு பெயர்களும் திரையில் வந்து நிற்கும். ஒன்றை அழுத்தினால் அது விழிக்கும், மற்றது தூங்கும். எதையும் அழுத்தாவிட்டால், பத்து நொடி பார்த்துவிட்டு முன்கட்டு தானாகவே விழித்துக்கொள்ளும்.

புதன்கிழமை மதியம் முன்கட்டு அப்டேட் ஆனது. அதன் பிறகு பின்கட்டின் பெயர் திரைக்கு வரவில்லை. மறுநாள் காலை எனக்கு வேலைக்கான நேர்முகம். அங்கே ஓட்டிக் காட்ட வேண்டிய என் மென்பொருள் பின்கட்டில் இருந்தது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போனவன் நான் ஒருவன்தான் என்பதால், தெரு முழுக்க அந்த நேர்முகத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது.

கணினி பழுது பார்க்கும் ரெஜினா அக்காவின் கடைக்குத் தூக்கிப் போனேன். அவர் அதன் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, காதை வைத்துக் கேட்டார்.

"அப்டேட்டுன்னா புதுக்குடித்தனம் மாதிரிதானே. பால் காய்ச்சினப்போ பின்கட்டுக்குச் சொல்லலியா?"

"அது தானா ஆச்சுங்க்கா. விதிமுறை முழுக்கப் படிச்சுட்டுத்தான் சரின்னு அழுத்தினேன். யாருக்கும் சொல்லணும்னு அதுல இல்லைங்க."

"அதுல எப்படிப்பா இருக்கும்? கோவிச்சுக்கிட்டு உள்பக்கம் தாப்பா போட்டிருக்காங்க. போன்ல கூப்பிட்டா வர மாட்டாங்க. தம்பதியாப் போய்க் கூப்பிடணும்."

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகவே பனியன் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அப்பா வந்தார், அம்மாவும் வந்தார். செருப்பைக் கடை வாசலில் விட்டு, வெற்றிலை பாக்குத் தட்டோடு பக்கவாட்டு வழியாக உள்ளே போனார்கள். அவர்கள் நுழையும்வரை ரெஜினா அக்கா உள்ளிருந்த சின்ன மின்விசிறியை விரலால் பிடித்துக்கொண்டார்.

"பெயிண்ட் வாசனை எங்க செவுரு வரைக்கும் வருது. ஒரு வார்த்தை சொல்லல. ஓசியில வந்தவங்கதானேன்னு நெனப்பு." இது பின்கட்டுப் பெரியவரின் குரல்.

"அப்படிச் சொல்லாதீங்ணா," என்றார் அப்பா. "பையனுக்கு விவரம் பத்தல. காலேஜ்ல இதெல்லாம் நடத்தறதில்லையாம்."

"மொதப் பந்தியே உங்களுக்குத்தானுங்க," என்றார் அம்மா.

தாழ்ப்பாள் விலகியது. சற்று நேரத்தில் இலை போடும் சத்தம் கேட்டது.

சாயங்காலம் அம்மா மட்டும் வெளியே வந்தார். அப்பா சாப்பிட்டுவிட்டு அங்கேயே படுத்துவிட்டாராம். எழுப்ப மனம் வரவில்லை என்றார். ரெஜினா அக்கா மூடியை முடுக்கிவிட்டார்.

வியாழன் காலை திரையில் மூன்று பெயர்கள் வந்தன. முன்கட்டு, பின்கட்டு, சின்னராசு. சின்னராசு என் அப்பா. நேர்முக நேரத்தில்தான் அவருக்கும் ஷிஃப்ட்.

"யாரை அழுத்தட்டும்மா?"

"அவரு இன்னைக்கும் லீவு போடட்டும். நீ உன்னோடத எடு."

பின்கட்டை அழுத்தினேன். நேர்முகத்தில் மென்பொருள் நன்றாக ஓடியது. கணினிக்குள் குறட்டை விடுவது யார் என்று கேட்டார்கள். மறைக்க எனக்கு வரவில்லை, சொன்னேன். அவருடைய அனுபவத்தைக் கேட்டார்கள். பனியன் மடிப்பார், பெட்டி கட்டுவார் என்றேன்.

எங்கள் இருவரையுமே எடுத்துக்கொண்டார்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே நாற்காலி. வீடு திரும்பிச் சின்னராசுவை அழுத்தினேன், அப்பா எழுந்து வெளியே வந்தார். தினமும் காலையில் நானும் அப்பாவும் குளித்துக் கிளம்பி வாசலில் நிற்கிறோம். அம்மா வந்து ஒருவரைத் தொட்டு அனுப்புகிறார். அடுப்பு வேலையில் அவர் மறந்துபோனால், பத்து நொடி பார்த்துவிட்டு அப்பா தானாகவே போய்விடுகிறார்.