ஒரு கரண்டி பருப்பு

கணையத்தில் கல் என்று வாயைத் திறந்தால் போதும், சொந்தக்காரர்கள் என் வீட்டுக்காரரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, குடிப்பாரா என்று என்னிடம் காதைக் கடிப்பார்கள். இருபது வருஷமாக ஆபீஸ் கேன்டீனில் சமைக்கிற மனுஷன், பாட்டிலைத் தொட்டதுகூடக் கிடையாது. சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

வலி வந்தால் முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு தரையில் சுருண்டுவிடுவார். கணையத்துக் குழாயைக் கல் அடைத்திருக்கிறது, அதிர்வு மிஷினால் வெளியிலிருந்தே உடைத்து, அப்புறம் வாய்வழியாகக் குழாய் விட்டுத் துகளை எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். அந்த மிஷின் எங்கள் ஆஸ்பத்திரிக்கு மாதத்தில் ஒரு நாள்தான் வரும். இரண்டு மாதம் காத்துக் கிடந்து, இன்று எங்கள் முறை.

மயக்க மருந்து கொடுப்பதால் வெறும் வயிறாக வரச் சொல்லியிருந்தார்கள். படுக்க வைத்துக் கையில் ஊசியும் குத்தியாயிற்று. காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று நர்ஸ் அவரிடம் கடைசியாக ஒரு தடவை கேட்டார்.

"சாப்பிடலைம்மா. உப்புதான் பாத்தேன். ஒரு கரண்டி பருப்பு."

அவ்வளவுதான். ஊசியைக் கழற்றி, அடுத்த மாதம் வரச் சொல்லிவிட்டார்கள்.

பஸ்ஸில் அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன். சமையல்காரப் புத்தி எங்கே போகும், ஒரு நாள் வாயைக் கட்டத் தெரியாதா, இன்னும் ஒரு மாதம் தரையில் உருளப்போவது யார் என்று கேட்டேன். தப்புதான் என்றார். அதற்கும் திட்டினேன்.

வீட்டுக்கு வந்து, காலையில் மகளின் டிபன் பாக்ஸுக்காகச் செய்த பருப்பைச் சுடவைத்தேன். ஆத்திரம் அடங்கவில்லை. கொதித்ததும் ஒரு கரண்டி எடுத்து, திரும்பிப் பார்க்காமலே பின்னால் நீட்டினேன். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். நான் நீட்டுவேன், அவர் உள்ளங்கையில் வாங்கி உப்புப் பார்த்துச் சொல்வார்.

நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. இன்று அவருக்கு லீவு. கேன்டீன் பக்கமே போகவில்லை.

"காலைல நான்தான் குடுத்தேனா?"

அவர் எட்டி அடுப்பைக் குறைத்தார்.

"பஸ்ல அந்தத் திட்டு திட்டினேனே, சொல்லியிருக்கலாம்ல?"

"பத்து பேரு பாத்துட்டு இருந்தாங்க."

அவர் உள்ளங்கையைக் குழித்து நீட்டினார்.

"ஊத்து. உப்பு கம்மின்னு காலைலயே சொன்னேன். நீ எங்க காதுல வாங்கின."