அண்ணன் ஊதும் தூசி

1

இந்தக் கதை ஒரு கூச்சத்தில் பிறந்தது. இதன் நாயகியின் அண்ணன் மெக்கானிக். சக்கரத்தைக் கழற்றினால் போதும், பிரேக்கில் படிந்த தூசியைக் கன்னம் உப்ப வாயால் ஊதிவிடுவான். அவன் கடைக்கு வரும் வண்டிகளில் இருக்கும் பிரேக் பேடுகள் பெரும்பாலும் மலிவான பழைய சரக்கு. அதில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் போனதுதான். வேதியியல் படித்த தங்கைக்கு இது தெரியும். “ஊதாதே” என்று சொல்ல வேண்டும். ஒரே சொல். அவளுக்கு வாய் வரவில்லை. அதனால் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத பிரேக் பேடையே செய்துவிடலாம் என்று கிளம்பினாள்.

(இதற்குப் பெயர்தான் ஆராய்ச்சி.)

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: “வாழைநார் பொன்னிழையாய் மின்ன, அவள் கண்களில் ஒரு கன–”

வேண்டாம். ஆய்வகத்தில் இருந்தது காஸ்டிக் சோடா நெடி. கண்களில் இருந்தது எரிச்சல்.

நாரை அந்தக் கரைசலில் ஊறவைத்து, அலசி, காயவைத்து, பொடியாக நறுக்கி, பிசினோடு கலந்து சூடான அச்சில் அழுத்தினாள். முதல் பேடு சோதனை இயந்திரத்தில் புகைந்தது. நாரில் ஈரம் மிச்சம். அடுத்த நாரை மொட்டை மாடிக் கொடியில், துணிகளுக்கு நடுவே காயப்போட்டாள்.

அண்ணி பார்த்துவிட்டாள். “வண்டியைக் கயிறு கட்டி இழுத்து நிறுத்தப் போறியாம்மா?”

(அண்ணி இந்தக் கதைக்குத் தேவையா என்று யோசித்தேன். எடுத்துவிட்டால் சிரிக்க ஆளில்லை. இருக்கட்டும்.)

3

பிறகு வந்த பேடு சோதனையில் தேறியது. ஆனால் அண்ணன் அதைத் தன் வேனில் மாட்டுவானா? எனக்கே நம்பிக்கையில்லை. நிஜத்தில் அவன் என்னிடம்– (அடித்துவிட்டேன். நீங்கள் படிக்கவில்லை.)

முன்சக்கரங்களில் மாட்டினான். “நின்னா உன் பேரு. நிக்கலைன்னா என் பல்லு,” என்று சொல்லிவிட்டு, கடைக்குப் பின்னாலிருந்த சரிவில் வேனை இறக்கினான்.

முடிவு அ: வேன் சமர்த்தாக நின்றது.

முடிவு ஆ: நிற்கவில்லை. கீழே கொட்டியிருந்த மணலில் முகம் புதைத்து நின்றது. அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். என் தொல்லை அதற்குப் பிறகுதான். இரண்டிலும் அண்ணன் இறங்கி, முன்சக்கரத்தைக் கழற்றிப் பேடைப் பார்க்கிறான், ஊதுகிறான். நல்ல தூசி என்று எதுவும் கிடையாது. ஆனாலும் அது வாழைநார், மன்னிக்கலாம். “பின்னாடியும் பார்த்துடுவோம்,” என்று அடுத்த சக்கரத்துக்குப் போகிறான்.

அங்கே இருப்பது பழைய சரக்கு.

4

அவள் பக்கத்தில்தான் நிற்கிறாள். “அண்ணா,” என்பது வரை எழுதிவிட்டேன். அதற்கு மேல் அவளுக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

கூச்சமில்லாதவர் யாராவது படித்துக்கொண்டிருந்தால் மிச்சத்தைச் சொல்லுங்கள். சத்தமாகச் சொல்லுங்கள், கடையில் காற்றடிக்கும் கம்ப்ரஸர் ஓடுகிறது.

அவனுக்குக் கன்னம் உப்பிவிட்டது.