அம்மாவின் எடை

அப்பாவின் பைக்கில் க்ளட்சைப் பிடித்துக்கொண்டுதான் கியரைப் போட்டாள் மகள். ஆனாலும் வண்டி ஒரே துள்ளாகத் துள்ளி, துக்கத்துக்கு வந்தவர்கள் வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளின் மேல் ஏறி நின்றது.

"அப்பன் போன அன்னைக்கே இவளுக்கு வண்டி கேக்குதா?" என்றபடி அத்தை தன் ஒற்றைச் செருப்பை முன்சக்கரத்தின் அடியிலிருந்து உருவினாள்.

"உங்க அண்ணன்தானே சொன்னாரு அத்தை, தன்னைத் தூக்கிட்டுப் போற வேனுக்குப் பின்னாடி தன் வண்டியும் வரணும்னு."

அண்ணன், கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள், இந்தப் பேச்சுக்கும் தனக்கும் சம்பந்தமில்லாதவர்போல் படுத்திருந்தார்.

வண்டி எப்படியும் போகும். அம்மா அதில் ஏறுவாளா என்பதுதான் மகளின் கவலை. ஒரு வருடமாக அவள் ஏறவில்லை. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் க்ளட்ச் பிடி தொளதொளத்துப்போய், வண்டி முன்னால் நிற்பவரை முட்டப் பார்க்கும். "நீ ஏறினாத்தான் இப்படி. உன் கனத்துக்கு க்ளட்சே மூச்சு வாங்குது" என்று அப்பா ஒருநாள் நடுரோட்டில் சொல்லிச் சிரித்தார். அம்மா அங்கேயே இறங்கி பஸ் பிடித்தாள். அதற்குப் பிறகு பின் இருக்கையில் அப்பாவின் மழைக்கோட்டுதான் உட்கார்ந்து போனது.

"நான் கார்லயே வரேன்" என்றாள் அம்மா, வாசலுக்கு வந்து. "என்னை ஏத்தினா, அவர் எழுந்து உட்கார்ந்து திட்டுவாரு."

மகள் பிடியை அமுக்கிப் பார்த்தாள். காலையில் கிளப்பியபோது இறுக்கமாகத்தான் இருந்தது. ஒவ்வொருவராக வந்து அவள் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லி முடிப்பதற்குள் எஞ்சின் சூடேறிவிட்டது. அதற்குப் பிறகுதான் தொய்வு. அப்படியானால் இது கனத்தின் வேலையில்லை, சூட்டின் வேலை.

ஹேண்டில்பாரில் க்ளட்ச் எண்ணெய் ஊற்றும் சின்ன டப்பாவைத் திறந்தாள். எண்ணெய், ஆறிப்போன டீயைப்போலக் கலங்கிக் கிடந்தது. ஒரு சொட்டைச் சூடான சைலன்சர் குழாயில் விட்டாள். சடசடவென்று பொரிந்து தெறித்தது.

ஷெட் அலமாரியில், க்ளட்ச் எண்ணெய் பாட்டில் சீல்கூட உடையாமல் இருந்தது. பக்கத்திலேயே இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் பாட்டில், அதே உயரம், அதே வெள்ளை. அது காலி. மாதாமாதம் நானே எண்ணெய் ஊற்றுகிறேன் என்று பெருமையடித்த மனுஷன், மூக்குக்கண்ணாடி மட்டும் போடவே மாட்டார்.

சீலை உடைத்து, புது எண்ணெயிலும் ஒரு சொட்டை அதே சூடான குழாயில் விட்டுப் பார்த்தாள். சத்தமே இல்லை.

"அம்மா, உன் கனமில்ல. அப்பா இதுல பேட்டரித் தண்ணிய ஊத்தியிருக்காரு. சூட்டுல அது ஆவியாகி உள்ள குமிழ் விடுது. பிடிச்சா குமிழ்தான் அமுங்குது, க்ளட்ச் விலகல."

அம்மா விறுவிறுவென்று கூடத்துக்குப் போய்ப் பெட்டியின் கண்ணாடியில் விரலால் தட்டினாள்.

"கேட்டுதா? தண்ணியாம். நாலு பேர் பார்க்க என்னைச் சொன்னீங்களே!"

அழுதுகொண்டிருந்த பெரியம்மா களுக்கென்று சிரித்துவிட்டு, கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள்.

எஞ்சின் ஆறியதும் மகள் ஸ்பானரோடு கீழே உட்கார்ந்தாள். பிடி அம்மாவின் கையில்.

"அமுக்கு. அப்படியே பிடிச்சிரு... இப்ப விடு."

மேலே புது எண்ணெய் ஊற்ற ஊற்ற, கீழே செருகியிருந்த ரப்பர் குழாயில் கலங்கல் இறங்கியது. குமிழ்கள் வந்தன. பிறகு குறைந்தன.

"கை வலிக்குதாம்மா?"

"உங்கப்பாவையே முப்பது வருஷம் பிடிச்சு வச்சிருந்தேன். இது என்ன?"

கடைசியில் தெளிவாக வந்தது. பிடி இறுகியது.

வேன் வந்தது. அத்தை கார்க் கதவைத் திறந்துவைத்துக் கூப்பிட்டாள். "அண்ணி, வாங்க. இடம் இருக்கு."

அம்மா பின் இருக்கையிலிருந்து மழைக்கோட்டை எடுத்து அத்தையின் கையில் கொடுத்தாள். "இதை உட்கார வச்சுக்கோ."

பெரிய சாலையில் சிக்னல் சிவப்பாக இருந்தது. வேன் நின்றது. மகளும் க்ளட்சைப் பிடித்து நிறுத்தினாள். வண்டி கியரில்தான் இருந்தது. எஞ்சின் நன்றாகச் சூடேறியிருந்தது. அம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு முன்னால் எட்டிப் பார்த்தாள்.

வேனுக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. பச்சை விழும்வரை அது அப்படியே இருந்தது.