பஸ்ஸுக்கு ஊதும் சைரன்

"சைரன் பெட்டிச் சாவியக் குடுங்க மாமா."

சமுதாயக் கூடத்தில் தும்மல்கூட நின்றுபோனது. அந்தக் கூடத்தில் தும்மல் நிற்பது லேசான காரியம் இல்லை. பேரிடர் வந்தால் ஊர் சனம் ஒதுங்குவதற்கென்று கட்டிய கட்டடம் அது. அதன் முக்கால்வாசியில் அருணாசலம் மாமாவின் மிளகு மூட்டைகள் விலை ஏறும்வரை ஒதுங்கியிருந்தன. மீதி இடத்தில் பேரிடர் மேலாண்மைக் குழுவாகிய நாங்கள் உட்கார்ந்து, தும்மிக்கொண்டே கூட்டம் நடத்துவோம்.

அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். வீட்டிலிருந்து கிளம்பும்போதே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: "எத வேணும்னாலும் கேளு சாமி. அந்தச் சாவிய மட்டும் கேட்டுப்போடாத."

அவள் பயத்துக்குக் காரணம் உண்டு. மாமா அவளுக்கு அண்ணன், ஊரை நடத்தும் கவுண்டர், குழுவுக்குத் தலைவர். எல்லாவற்றுக்கும் மேலாக, பஸ் ஸ்டாப்பில் டீக்கடை வைத்திருப்பவர். அந்தக் கடையின் ஓரத்தில், அவர் தயவில், சாக்கு விரித்துத்தான் அம்மா பலாச்சுளை விற்கிறாள். அந்தச் சுளைதான் என்னை நாமக்கல்லுக்கு அனுப்பிப் படிக்க வைத்தது. எங்கள் வகையறாவில் முதல் பட்டதாரி நான். படித்தது புவியியல். மண், மலை, மழை பற்றிய படிப்பு என்று விளக்கினேன். "அதெல்லாம் இங்கயேதான கெடக்குது, அதுக்கு எதுக்குக் கீழ எறங்கிப் போன?" என்று கேட்டார் மாமா.

மலைமேல் வளப்பூர் நாட்டில் இருக்கும் எங்கள் ஊர் 'குறைந்த ஆபத்துப் பகுதி' என்று மேலிடத்திலிருந்து ஒரு தாள் வந்தது. மாமா அதற்குச் சட்டம் போட்டு, டீக்கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, தினமும் பூ வைத்தார். குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமில்லை மாமா என்றேன். "நமக்குத்தான் சர்டிபிகேட்டே இருக்குதே கண்ணு" என்றார். பெயிலானவனுக்கு நாற்பது மார்க் வாங்கியவன் அறிவுரை சொல்வதுபோல, பக்கத்து மலைகளைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தார்.

குறைந்த ஆபத்து என்பதால் எங்களுக்கு வந்த சாமான்களும் மற்ற ஊர்களுக்குப் போக மிஞ்சியவைதான். ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊருக்கு வெள்ளத்தில் மிதக்கிற சட்டைகள் வந்தன. அதில் ஒன்றைப் பாப்பாயி அத்தை குளிருக்குப் போட்டுக்கொண்டாள். ஸ்வெட்டரைவிட நன்றாக இருக்கிறதாம். மீட்புக் கயிற்றில் ஒரு எருமை கட்டிக் கிடக்கிறது. ஸ்ட்ரெச்சரில் பலாப்பழம் போகிறது. ஆடாமல் அசையாமல், நோயாளிக்குக் கிடைக்காத மரியாதையோடு.

கடைசியாக வந்தது சைரன். மலை சரியப்போகிறது என்று தெரிந்தால் ஊதவேண்டியது. ஊதினால் சனம் மேலே இருக்கிற பாறைக்களத்துக்கு ஓட வேண்டும். ராகியும் சாமையும் அடிக்கிற அகலமான பாறை அது. அதற்கு மேலே சரிவதற்கு ஒன்றும் இல்லை. சைரனைத் தன் டீக்கடைக் கூரைமேல் மாட்டச் சொன்னார் மாமா. சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார்.

அந்தக் கூரைமேல் நின்றால் கீழே கொண்டைஊசி வளைவுகளில் பஸ் ஏறி வருவது தெரியும். எங்கள் பஸ்ஸுக்கு நேரம் காலம் கிடையாது. ஒருநாள் பஸ்ஸைப் பார்த்த சந்தோஷத்தில் மாமா ஒரு ஊது ஊதினார். மூட்டை முடிச்சோடு எல்லோரும் ஓடிவந்தார்கள். யாரும் பஸ்ஸைத் தவறவிடவில்லை. மறுநாளும் ஊதினார். அவ்வளவுதான். ஊரே அவரைக் கும்பிட்டது. "கெவுருமெண்டு குடுத்ததுலயே உருப்படியான சாமான் இதொண்ணுதான்" என்றார் சின்னுசாமி தாத்தா.

பஸ் நிற்கிற இடம்தான் என் வயிற்றெரிச்சல். ரோட்டுக்காக மலையைச் செங்குத்தாக வெட்டிவிட்ட இடம். மேலே பிளவு விட்டிருக்கிறது. கையை விட்டால் முழங்கை வரை போகும். பிளவுக்கு ஓரத்தில் மாமாவின் சில்வர் ஓக் மரம், மிளகுக்கொடி சுற்றியது, ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைப்பக்கம் சாய்கிறது. அதற்கு நேர் கீழே அம்மாவின் சாக்கு.

"மரம் சாயுது மாமா. மண்ணு எறங்குது."

"அது சாயலை கண்ணு. குனியுது. இந்த வருசம் ஏணி இல்லாமயே மொளகு பறிச்சேன். நம்ம மரத்துக்கே நம்ம மேல எவ்வளவு பிரியம் பாரு."

போன வாரம் கீழேயிருந்து ஒரு அதிகாரி ஒத்திகை பார்க்க வந்தார். மழை பெய்து விட்டிருந்தது. நான் ஆரஞ்சு கலர் சட்டை, மஞ்சள் ஹெல்மெட்டோடு பாறைக்களத்தில் போய் நின்றுகொண்டேன். ஊரில் வீடு வீடாகப் போய், சைரன் ஊதினால் பாறைக்களத்துக்கு வாருங்கள் என்று சொல்லியிருந்தேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

சைரன் ஊதியது. பாறைக்களத்துக்கு ஒரு ஆடு வந்தது. அதுவும் வழக்கமாக வருகிற ஆடு.

எட்டிப் பார்த்தால், மொத்த ஊரும் பஸ் ஸ்டாப்பை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாயி அக்கா கோழியோடு ஓடினாள். சின்னுசாமி தாத்தா ஒரு கால் செருப்போடு ஓடினார். ஸ்ட்ரெச்சரில் பலாப்பழங்கள் ஓடின. நான் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கத்தியபடியே இறங்கி ஓடினேன். அதைப் பார்த்த மாமா, "மெதுவா வா கண்ணு, பஸ்ஸு இன்னும் வரலை!" என்றார்.

அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. "இவ்வளவு சீக்கிரமா மொத்த ஊரும் ஒரே இடத்துல கூடி நான் பாத்ததே இல்லை."

"சார், கூடக்கூடாத இடத்துல கூடியிருக்காங்க சார். இவங்க பஸ்ஸுக்கு வந்திருக்காங்க."

"எதுக்கு வந்தா என்னம்மா? வந்துட்டாங்கல்ல?"

மிதவைச் சட்டையோடு இருந்த பாப்பாயி அத்தையைப் பார்த்து அவர் இன்னும் பூரித்துப்போனார். அத்தைக்குப் பொறுமை போய்விட்டது. "ஏனுங்க, பஸ்ஸு எங்கீங்க?"

"பஸ் இல்லைம்மா. இது நிலச்சரிவு."

"அது எத்தனை மணிக்கு வருமுங்க? சேந்தமங்கலம் போவுமுங்களா?"

எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் மேலேயிருந்து கல் வந்தது. பெரிய கல் இல்லை. அரிசிப் பானை அளவு. வெட்டுச் சுவரில் இரண்டு தடவை மோதி, அம்மாவுக்கு முன்னால் இருந்த பலாப்பழத்தில் விழுந்து அதை இரண்டாகப் பிளந்தது. சுளை ஒன்று தெறித்து அதிகாரியின் சட்டைப் பையில் ஒட்டியது.

அம்மா கத்தியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஒரு முழம் தள்ளி விழுந்திருந்தால் பிளந்தது பழமாக இருந்திருக்காது.

"அட, வெட்டற வேல மிச்சம்!" என்றார் மாமா. சனம் சுளை பிடுங்கித் தின்றது. அதிகாரியும் இரண்டு தின்றார். ஒத்திகையில் எங்கள் ஊர் முதலிடம் என்று மறுநாள் செய்தி வந்தது. மாமா இன்னொரு சட்டத்துக்குச் சொல்லிவிட்டார்.

அதனால்தான் இன்றைக்குச் சாவியைக் கேட்டேன்.

மாமாவுக்கு முகம் சிவந்தது. "சாவியக் குடுத்துப்போட்டா பஸ்ஸுக்கு யாரு ஊதறது?"

"பஸ்ஸுக்கு ஊதவே கூடாதுங்கறேன். இல்லீன்னா கடையையும் ஸ்டாப்பையும் பாறைக்களத்துக்கு மாத்துங்க."

"முதல் பரிசு வாங்குன ஊரப் பாத்துப் பேசற பேச்சா இது?"

சின்னுசாமி தாத்தா நடுவராக வந்தார். "புள்ள சொல்றதும் ஞாயந்தான். ஆனா பஸ்ஸு வாரது தினமும். மலை வாரது என்னிக்கோ ஒருநாளு. தினமும் வாரதுக்குத்தான ஊதோணும்?" குழு தும்மலோடு ஆமோதித்தது.

"தாத்தா, அந்த ஒருநாளு ஊதுனாலும் நீங்க பஸ்ஸுன்னு நெனச்சு நேரா மலைக்குக் கீழதான ஓடுவீங்க? ஒத்தச் செருப்போட?"

"செருப்பப் பத்திப் பேசாத" என்றார் தாத்தா.

மாமா என்னை விட்டுவிட்டு அம்மாவிடம் திரும்பினார். "அத்தாயி, உம்மவளுக்குப் படிப்பு தலைக்கேறிப்போச்சு. இனி என் கடையோரத்துல உனக்கு எடமில்ல. சாக்க எடுத்துக்க."

அம்மாவின் விரல்கள் என் முழங்கையிலிருந்து நழுவின. அவள் பயந்து பயந்து காப்பாற்றி வைத்திருந்த ஒன்று போய்விட்டது. எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. கோபத்தில் வருகிற சிரிப்பு. அந்த இடத்திலிருந்து அவளைக் கிளப்ப நான் ஒரு வருஷமாகக் கெஞ்சியிருக்கிறேன். மாமா ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

"ரொம்ப நன்றிங்க மாமா" என்று எழுந்தேன்.

"எதுக்கு நன்றி?"

"காலைல நவ்ஷாத் அண்ணனைப் பாத்தேன்."

நவ்ஷாத் அண்ணன் காளப்பநாயக்கன்பட்டிக்காரர். எங்கள் ஊரோடு திரும்பிப் போகிற மினிபஸ் அவருடையது, ஓட்டுவதும் அவரே. அந்த ஒடுங்கிய வளைவில் பஸ்ஸைத் திருப்புவதற்குள் அவருக்கு உயிர் போய் உயிர் வரும். ரோடு பாறைக்களம் வரை போகிறது, அங்கே ஒரே சுற்றாகத் திருப்பிவிடலாம். அவரிடம் பிளவையும் காட்டினேன், விழுந்த கல்லையும் காட்டினேன். "இத்தனை வருசமா உங்க மாமனோட டீயையும் குடிச்சுக்கிட்டு, அங்க ரிவர்ஸும் எடுத்துக்கிட்டு இருக்கேன் தங்கச்சி. ரெண்டுல எது கஷ்டம்னு எனக்கே தெரியல" என்றார். நாளையிலிருந்து பஸ் பாறைக்களத்தில்தான் நிற்கும். டீக்கடை வாசலில் நிற்காது. அது காலையிலேயே முடிவான விஷயம். சாவியை மாமா கொடுத்திருந்தாலும் அதுதான் முடிவு. கேட்காமல் செய்தேன் என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது என்றுதான் கேட்க வந்தேன்.

இதைச் சொன்னதும் மாமா அரைஞாணைத் தடவிப் பார்த்துக்கொண்டார். சாவி அங்கேதான் இருந்தது.

"அது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றேன். "பஸ்ஸப் பாத்தா ஊதுங்க, மலை எறங்கறதப் பாத்தாலும் ஊதுங்க. எதுக்கு ஊதுனாலும் சனம் பஸ் நிக்கற எடத்துக்குத்தான் ஓடும். ஒங்க புண்ணியத்துல நல்லாப் பழகியிருக்காங்க."

"அப்ப என் கடை?" என்றார் மாமா. அவர் குரலில் அப்போதுதான் முதன்முதலாக ஒரு பேரிடர் கேட்டது.

வாசலில், அம்மா வரும்போது வைத்துவிட்டு வந்த சாக்கும் கத்தியும் இருந்தன. சாக்கை உதறிச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டேன்.

"எங்கடி போற?" என்று உள்ளேயிருந்து கத்தினாள் அம்மா.

"பாறைக்களத்துக்கு. பாப்பாயி அத்தை வந்து எடம் புடிக்கறதுக்குள்ள நீயும் வா."

நான் திரும்பிப் பார்க்காமல் மேட்டில் ஏறினேன்.