பூக்காரர் நிறுத்தம்

என் சகலையிடம் எனக்குப் பிடிக்காத விஷயம் ஒன்றே ஒன்றுதான். அவர் நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். நாலு பேரிடம் சொல்லித் திட்டியாவது ஆறுதல் அடைந்திருப்பேன்.

அவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவன். அவர் மனைவி என் மனைவிக்குத் தங்கை. இருபத்திரண்டு வருடங்களாக என் மாமனார் வீட்டு வகையறாவில் எனக்குப் பெயர் ‘பூக்காரர்’. யார் வீட்டில் விருந்து என்றாலும் மேசைக்கு என் தோட்டத்து ரோஜாதான் போகும். எனக்குப் பெரிய உத்தியோகமும் இல்லை, சபையில் பேசும் சாமர்த்தியமும் இல்லை. என்னிடம் இருந்த ஒரே பெருமை அந்தப் பெயர்தான்.

அந்தப் பெருமைக்கும் நாலு வருடம் முன்னால் ஆபத்து வந்தது. மாடி வீட்டில் குடியிருந்த சகலை, முன்னும் பின்னும் மண் உள்ள வீட்டுக்கு மாறினார். “அண்ணா, நானும் நாலு செடி வைக்கலாம்னு பார்க்கறேன். உங்க கைராசியில ஏதாவது குடுங்களேன்” என்று வந்து நின்றார். ஆறு ரோஜாக் குச்சிகளைக் கொடுத்தேன். பென்சில் கனம்கூட இல்லாத குச்சிகள், காற்றில் ஒடிந்து விழுந்து, குப்பையில் போட ஒதுக்கி வைத்தவை. மனிதர் அவற்றை ஈரத்துணியில் சுற்றி, கைக்குழந்தையை எடுத்துப் போவதுபோல எடுத்துப் போனார். நான் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன்.

அடுத்த வருடமே சிரிப்பு நின்றுவிட்டது. “சின்னவர் தோட்டத்தைப் பார்த்தீங்களா?” என்று என்னிடமே வந்து கேட்க ஆரம்பித்தார்கள். மாமனாரின் அறுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு மேசை மேல் அவர் வீட்டு டாலியா இருந்தது. என் ரோஜா பக்கத்து ஸ்டூலில், தண்ணீர்க் குவளைக்குத் துணையாக. அன்றைக்குச் சாப்பாடு எனக்கு இறங்கவே இல்லை.

இந்த வருடம் குளிர் முடியும் சமயத்தில் ஒருநாள் அவர் போன் செய்தார். “அண்ணா, ரோஜா மட்டும் சரியா வரலை. குச்சி குச்சியா நீண்டுக்கிட்டே போகுது, பூவைக் காணோம். என்ன செய்யலாம்?”

பூச்செடியில் கத்திரி படவே கூடாது என்பது என் கட்சி. முன்பு ஒருமுறை சாக்கடைக் குழாய் பதிக்க வந்தவர்கள் என் ரோஜா ஒன்றை அடியோடு வெட்டிப்போட்டார்கள். அது திரும்பத் தலை தூக்கவே இல்லை. அதிலிருந்து காய்ந்த இலையானாலும் விருந்துக்குப் போகும் பூவானாலும் நான் விரலால்தான் கிள்ளுவேன். அப்படிப்பட்டவன், தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன். “தரையிலேர்ந்து ஒரு சாணுக்கு மேல எதையும் மிச்சம் வைக்காதீங்க. பாவம் பார்க்காம வெட்டுங்க.”

“அவ்வளவுமா? பயமா இருக்கே, அண்ணா.”

“என்னை நம்புங்க” என்றேன்.

செத்துத் தொலையட்டும் என்றுதான் சொன்னேன். இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். “நம்ம செடியை நீங்க அப்படி வெட்டினதே இல்லையே?” என்றாள். “அவங்க வீட்டு மண்ணு வேற” என்றேன். அவள் ஒரே சட்டையை இரண்டு தரம் மடித்தாள்.

அதற்குப் பிறகு அவர் வீட்டுப் பக்கம் நான் தலைகாட்டவில்லை. ரோஜா என்ன ஆயிற்று என்று போனில் நைசாகக் கேட்டேன். “அதை நேர்ல வந்து பாருங்க, அண்ணா. போன்ல சொல்ற விஷயமில்லை” என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. சரி, காரியம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். கோடை முடியப்போகும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துக்கம் விசாரிக்கப் போகிற முகத்தைத் தயார் செய்துகொண்டு மனைவியுடன் கிளம்பினேன்.

நாலு மணி வெயில், சூடு குறைந்து மஞ்சளாக இறங்கியிருந்தது. கேட்டைத் திறந்ததுமே வயிற்றில் பற்றிக்கொண்டது. வாசலிலிருந்து படிவரை இரண்டு பக்கமும் ஜினியா, சிவப்பும் ஆரஞ்சுமாக இடுப்பு உயரத்துக்கு. பழைய பேருந்து டயர்களை வெள்ளையடித்துப் பாத்தியாக்கியிருந்தார். பிரேக் டிரம்களெல்லாம் தொட்டி. உடைந்த ஜன்னல் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, அதன் அடியில் நாற்று வளர்த்திருந்தார். பேருந்தின் கடைசி சீட்டைக்கூட விடவில்லை. சுவரோரம் போட்டு, தோட்டத்தைப் பார்க்க உட்காருமிடம் ஆக்கியிருந்தார்.

“வாங்க அண்ணா, வாங்க அண்ணி” என்று சகலை கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். நகக்கண்ணில் ஒரு பாதி கிரீஸ், ஒரு பாதி மண். பின்னாலேயே கொழுந்தியாளும் வந்தாள். “என்ன அத்தான், வழி தெரிஞ்சுதா?” என்று கேட்டாள். இத்தனை மாதமாக வராததற்கு அந்த ஒரு குத்து போதும் என்று நினைத்தாளோ என்னவோ, உடனே அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ரோஜா எங்கே?” என்றேன்.

“அது பின்னாடி. கடைசியில பார்க்கலாம்” என்று சகலை எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

சுற்ற ஆரம்பித்தோம். ஒவ்வொரு செடியின் முன்பும் நின்றார். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு டாலியா. அதன் தண்டு சாயாமல் இருக்கப் பேருந்தின் கைப்பிடிக் கம்பி. சூரியகாந்தி என் தலைக்கு மேலே ஒரு முழம் நின்று, என்னைக் குனிந்து பார்த்தது. கண் பட்டுவிடப் போகிறதே என்று நான் பயந்ததாகச் சொன்னால் அது பொய். படட்டும் என்றுதான் ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்தேன். குறை தேடினேன். ஒரு ஜினியா இலையில் சாம்பல் பூத்திருந்தது. “இதுக்கு நோய் வந்திருக்கு” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். “ஆமாண்ணா, கோடை முடியும்போது வர்றதுதான். நல்லவேளை சொன்னீங்க” என்று அந்த இலையைக் கிள்ளி எறிந்தார். சண்டைக்குக்கூட உதவாத மனிதர்.

என் மனைவி நின்று நின்று வந்தாள். ஒரு பூவைத் தொட்டாள், குனிந்து முகர்ந்தாள், தங்கையிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். எங்கள் தோட்டத்தில் அவள் துணி காயப்போட வருவாள், எடுத்துக்கொண்டு போவாள். அவள் இப்படி நடந்து நான் பார்த்ததில்லை. டாலியா போனால் போகிறது என்று விட்டுவிடலாம். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சமையலறைச் சுவரைத் தாண்டித் திரும்பினோம்.

முதலில் என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். மறுபடி போட்டுக்கொண்டும் அதுவே தெரிந்தது. ஆறு ரோஜாச் செடிகள், ஒவ்வொன்றும் என் தோள் உயரம், அகலத்தில் என்னைவிட இரண்டு பங்கு. அடியிலிருந்து விரல் கனத்துக்குப் புதுக் கிளைகள். கிளை முழுக்கப் பூ, பூவுக்கு இடையில் மொட்டு. வாசனை வந்து முகத்தில் மோதியது. இருபத்திரண்டு வருடங்களாக எனக்குத் தெரிந்த வாசனை, ஆனால் இவ்வளவு ஒருநாளும் வந்ததில்லை.

“பயந்துகிட்டேதான் வெட்டினேன்” என்றார் சகலை. “இவ அழுதுட்டா. ஒரு மாசம் மொட்டைக் கட்டையா நின்னுது. அண்ணா சொன்னா தப்பா இருக்காதுன்னு நான்தான் பிடிவாதமா இருந்தேன். அப்புறம் பாருங்க, அடியிலேர்ந்து கிளம்புச்சு.”

அதோடு விட்டாரா? “இன்னொண்ணு இருக்கு” என்று செடிகளுக்கு நடுவில் ஒரு கம்பத்தைக் காட்டினார். பணிமனையில் கழித்துக்கட்டிய பேருந்து நிறுத்தப் பலகை. பழைய ஊர்ப் பெயரைச் சுரண்டிவிட்டு, நீலத்தில் வெள்ளை எழுத்தால் எழுதியிருந்தார்: பூக்காரர் நிறுத்தம்.

“யார் வந்தாலும் இங்கே நிறுத்தி, உங்க கதையைச் சொல்லித்தான் அனுப்புவேன்” என்றார். “பணிமனையில பாதிப் பேருக்கு உங்களைத் தெரியும்.”

அந்தப் பலகையின் கீழே நான் நின்ற நிலை என் எதிரிக்கும் வரக்கூடாது. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நிமிர்ந்திருப்பேன்.

“உங்க வீட்டுல இந்த வருஷம் எப்படி, அண்ணா? அங்கேயும் இதே மாதிரிதானே வெட்டினீங்க?”

என் வீட்டில் நாலே நாலு பூ. அதுவும் எட்டாத உயரத்தில், நீண்ட குச்சியின் நுனியில். நான் மனைவியைப் பார்த்தேன். அவளுக்கு எல்லாம் தெரியும். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பலகை கீழே இறங்கிவிடும். அவள் ஒரு பூவை முகர்ந்துகொண்டு, அவசரமே இல்லாமல் சொன்னாள்.

“எங்க வீட்டுல இன்னும் கத்திரியே வைக்கலை. உங்களுது எப்படி வருதுன்னு பார்த்துட்டு வெட்டலாம்னு இருந்தார்.”

சகலை தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். “அப்போ என்னை வெச்சு வெள்ளோட்டம் பார்த்திருக்கீங்க. போகட்டும். குளிர் முடிஞ்சதும் நானே வந்து வெட்டித் தர்றேன். பக்கத்துல நின்னு பாருங்க, அண்ணா. ஒண்ணும் பயமில்லை.”

எனக்கு அவர் தைரியம் சொன்னார். நானும் “சரி” என்றேன். வேறு என்ன சொல்ல?

புறப்படும்போது கொழுந்தியாள் இருபது முப்பது ரோஜாவை வெட்டிக் காகிதத்தில் சுற்றி அக்காவிடம் கொடுத்தாள். பேருந்தில் அந்தக் கட்டு எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தது. ஏறியவர்கள் எல்லாரும் அதையே பார்த்தார்கள். ஒரு அம்மாள், “உங்க வீட்டுப் பூவா?” என்று கேட்டேவிட்டாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும், எப்போதும் என் பூ நிற்கும் ஜாடியில் அவற்றை வைத்தாள். மேசைக்கு நடுவில் நகர்த்தி, சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள்.

“உங்களைக் காப்பாத்தணும்னு நான் பொய் சொல்லலை” என்றாள். “அந்த மனுஷன் மனசு உடைஞ்சுடும். அதுக்காகத்தான்.”

“தெரியும்.”

“நீங்க வேண்டாம்னு ஒதுக்கின குச்சிதானே இது?”

கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். நான் ஜாடிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். விடிவதற்குள் இதழெல்லாம் கொட்டிப்போகட்டும் என்று அப்போதும் மனதில் ஓர் ஆசை இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ஜாடியில் தண்ணீர் பாதிதான் இருந்தது. காம்புகளை யாரும் சாய்த்து வெட்டவும் இல்லை. சமையலறைக்குப் போய்க் கத்திரியை எடுத்துவந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ரோஜாக் காம்பை வெட்டினேன். பிறகு ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் வெட்டி, ஜாடியின் கழுத்துவரை தண்ணீர் ஊற்றினேன்.