முதுகில் ஏறும் குட்டி

...பால் குடித்து முடித்ததும் என் முதுகில்தான் ஏறும், வேறெங்கே போகும், தாயின் முதுகு மயிரைப் பற்றிக்கொண்டே காடெல்லாம் சுற்றிய கரடிக்குட்டியல்லவா, என்று நினைத்தபடி ஷரபுன்னிசா பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், சத்திரம் பஸ் நிலையத்தில் ஏறியவள், இன்னும் காவிரிப் பாலமே வரவில்லை, முன்னால் ஒரே நெரிசல். மாற்றலாகி ஸ்ரீரங்கம் கால்நடை மருந்தகத்துக்கு வந்தபின் மாடும் நாயும்தான், ஆனால் வனத்துறையில் மருத்துவராக இருந்த அப்போது... பச்சைமலை அடிவாரத்துக் கடலைக்கொல்லை, சுற்றுச்சுவர் இல்லாத கிணறு, உள்ளே விழுந்து செத்துக் கிடந்த தாய்க்கரடி, மேட்டில் நின்று கத்திய ஒற்றைக் குட்டி. புட்டியை உறிஞ்சும்போது பக்கத்து வீட்டு மிக்சி ஓடுவதுபோல் அதன் தொண்டைக்குள் ஒரு ரீங்காரம், அது கேட்டால் இவளுக்கும் ஏனோ பசி அடங்கிவிடும். பாலக்கரை வீட்டுக்குள் நுழைந்தால் கணவர் கலீம் மூக்கைப் பொத்திக்கொள்வார், "யா அல்லாஹ், துப்பட்டாவெல்லாம் கரடி வாடை, முதல்ல போய்க் குளி." குளிக்க மனசே வராது...

பிறகு வந்தன அந்த நாட்கள். மனிதரை நம்பிய கரடி ஊருக்குள் வரும், வந்தால் கல்லடி, இல்லையென்றால் ஆயுசுக்கும் கூண்டு, தெரியாதவளா அவள்? பேசுவதை நிறுத்தினாள், தொடுவதை நிறுத்தினாள், கரையான் புற்று உள்ள பெரிய அடைப்பில் அதை விட்டுவிட்டு, பழங்களை மறைவிலிருந்து கொட்டினாள். அப்படியும் அவள் வாசனை தெரிந்து வேலியோரம் வந்து நிற்கும். ஒருநாள் வனக்காவலர் பிராங்க்ளின் தகர டப்பாவை நீட்டி, "நீங்களே தட்டி விரட்டுங்க டாக்டர். நான் தட்டுனா எனக்கு மட்டும்தான் பயப்படும், நீங்க தட்டுனாத்தான் மனுஷங்க எல்லாருக்கும் பயப்படும்" என்றான். தட்டினாள். அது ஓடவில்லை, இவளுடைய முதுகுப் பக்கம் வர வழி தேடி வேலி நெடுக அலைந்தது... மறுபடி தட்டினாள், கை வலிக்கத் தட்டினாள், கடைசியில் ஓடிற்று, அதன் பிறகுதான் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள்.

போன் அடித்தது. பிராங்க்ளினேதான்.

"டாக்டர், நம்ம பொண்ணைப் பார்த்துட்டேன்! ஓடைக்கு மேல புற்றைத் தோண்டிக்கிட்டு இருந்துச்சு, நல்லாக் கொழுத்திருக்கு. என் வாடை பட்டதும் எடுத்துச்சு பாருங்க ஓட்டம், திரும்பிக்கூடப் பார்க்கல."

அல்ஹம்துலில்லாஹ், வாய்விட்டே சொல்லிவிட்டாள், பக்கத்து சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்தாள். பிழைத்துக்கொண்டது, இனி யாருடைய தயவும் வேண்டாம் அதற்கு...

"அடுத்த வாரம் நீங்களும் வாங்களேன், தூரத்துலேருந்து ஒரு தடவை பார்த்துட்டுப் போகலாம்."

"வேணாங்க."

"அதுவும் சரிதான் டாக்டர், உங்களைப் பார்க்காம இருக்கிறதுதான் அதுக்கு நல்லது." வைத்துவிட்டான்.

அவ்வளவு வேகமாக எங்கிருந்து வந்தது அந்த 'வேணாம்'? அதன் நல்லதுக்காகவா சொன்னாள்? பஸ் பாலத்தில் ஏறியது, ஆற்றுக்காற்று முகத்தில் அடித்தது, அவளைக் கண்டதும் அது ஓடிவிட்டால்... ஓடத்தான் வேண்டும், அதற்குத்தானே கை வலிக்கத் தட்டினாள், ஓடாமல் அங்கேயே நின்று, மூக்கை உயர்த்தி, ஓர் எட்டு இவள் பக்கம் எடுத்து வைத்தால்... நினைத்த மாத்திரத்தில் நெஞ்சு குளிர்ந்துபோயிற்று, அப்படிக் குளிர்ந்ததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.