புதிதாய் ஒன்றுமில்லை என்று சொல்ல வந்தவர்

மழை விட்டும் விடாமலும் சிணுங்கிக்கொண்டிருந்த கார்த்திகை மாதக் காலையில் புளியடித்துறைக்கு ஒலிபெருக்கிச் சத்தம் வந்தது. வாவியின் அக்கரையிலிருந்து ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி இறக்கும் மிதவைப் பாதையில் அது ஏறும்போதே இக்கரைக்குக் கேட்டுவிட்டது. "பிரதேச சபை பொதுமக்களுக்கு அறியத் தருவது..." என்று தொடங்கி நல்ல தெளிவாகத்தான் பேசியது. ஆனால் அது பேசி முடிக்கும்வரை நின்று கேட்க ஊரில் ஒருவருக்கும் பொறுமையில்லை.

ஒலிபெருக்கி என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுப்பை அணை. கதவைத் திறந்தபடி விடு. அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட வளவுக்குப் போ. ஆண்கள் கிணற்றுப் பக்கம், பெண்கள் வேம்புப் பக்கம். சண்டை முடிந்துவிட்டது என்று வைகாசியில் ரேடியோ சொல்லி அரை வருசமாகியிருந்தது. ரேடியோ சொன்னதைக் காது கேட்டிருந்தது. கால் இன்னும் கேட்கவில்லை.

அன்னப்பூரணி அடுப்புக்குள் தண்ணீரை ஊற்றிவிட்டு உள்ளே ஓடினாள். மகள் தனுஷியா பாயில் சுருண்டு கிடந்தாள். ஏழு மாதம். தலைப்பிள்ளை. முந்தின நாள் பின்னேரம் பிடித்த காய்ச்சல் இராமுழுக்க இறங்கவில்லை. புருசன் உதயரூபன் உன்னிச்சைக்கு அங்கால் ஒரு வட்டையில் வயல் காவலுக்குப் போயிருந்தான். பயிர் முழங்கால் உயரம் வந்துவிட்டால் பன்றியும் யானையும் விடாது, ஆகவே வயல் சொந்தக்காரரான போடியாரும் ஆளை விடமாட்டார்.

"அம்மா, எனக்கு எழும்ப ஏலா."

"ஏலாட்டியும் எழும்பு புள்ள. வீட்டுக்குள்ள ஆள் கிடந்தாத்தான் வில்லங்கம். என்னப் புடிச்சிக்கொண்டு ஒள்ளுப்பம் நட."

கல்லும் மண்ணும் சுமந்து காய்த்துப்போன தோளில் மகளைச் சாய்த்துக்கொண்டு, தலையில் ஒரு பொலித்தீனைப் போர்த்தி, அன்னப்பூரணி வளவுக்கு வந்து சேர்ந்தாள். ஊர் முழுக்க அங்கே வரிசையாக நின்றது. பக்கத்து வீட்டு வினாயகமூர்த்தி குந்துவதற்கு ஒரு பலகைக்கட்டையும், வெற்றிலைப் பையும், ஒரு போத்தல் தண்ணீரும் கொண்டுவந்து வசதியாக இருந்தார். எத்தனையோ சுற்றிவளைப்பைக் கண்ட மனிதர்.

"என்ன மூர்த்தியண்ணன், சோறும் கட்டிக்கொண்டா வந்த?" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"ஓம் கா. போன தரம் விடியக் கூப்பிட்டுப் பொழுதுபட்டுத்தானே விட்டானுகள். நமக்கு விதி, வயிறு என்ன பாவம் செய்த?"

"இது வேறயாம். பண்டிக் காய்ச்சலாம்."

பன்றி என்றதும் வினாயகமூர்த்தியின் வாயில் வெற்றிலை அப்படியே நின்றது. "பண்டியா? போன கிழமை வட்டைக்குள்ள விழுந்த பண்டியில எனக்கும் ஒரு பங்கு வந்ததுதான். அத ஆரு போய்ச் சொல்லிக்குடுத்த?"

"ஊரே திண்ட பண்டிதானே அண்ணன்."

"அப்ப ஊரையே ஏத்தப்போறானுகள்!"

நாலு பேர் சிரித்தார்கள். ஓட்டோ வளவுக்குள் திரும்பியதும் சிரிப்பு நின்றது.

கூரையில் ஒலிபெருக்கி கட்டிய பிரதேச சபை ஓட்டோ. அதிலிருந்து இறங்கிய ஆள் மூக்கையும் வாயையும் மூடி முகத்தில் துணி கட்டியிருந்தார். கண்மட்டும்தான் தெரிந்தது.

வரிசைகள் தாமாகவே நேராகின; அடையாள அட்டைகள் முன்னால் நீண்டன.

முகத்தை மூடிய மனிதனை அந்த ஊர் அறியும். அவனுக்குப் பெயர் தலையாட்டி. சனத்தை வரிசையாக நடக்கவிட்டு, மூடிய முகத்தோடு ஒருவனைக் கொண்டுவந்து வைப்பார்கள். அவன் பேசமாட்டான். ஒரு ஆள் முன்னால் வரும்போது தலையை ஆட்டுவான். அந்த ஆளை வாகனத்தில் ஏற்றுவார்கள். தொண்ணூறாம் ஆண்டு, தனுஷியா தவழ்கிற நாளில், அன்னப்பூரணியின் புருசனைப் பார்த்து ஒரு தலை அப்படி ஆடியது. விசாரித்துவிட்டு விடுகிறோம் என்றார்கள். அதற்குப் பிறகு உயிரோடிருக்கிறான் என்றோ இல்லை என்றோ ஒரு சொல் அவளிடம் வந்ததில்லை.

துணி கட்டிய ஆள் கையில் ஒலிவாங்கியோடு வரிசைகளைப் பார்த்தார். ஒவ்வொரு கையிலும் நீட்டிப் பிடித்திருந்த அடையாள அட்டைகளைப் பார்த்தார். வீட்டை விட்டு வெளியே வராதீர்கள், கூட்டம் கூடாதீர்கள் என்று துறையிலிருந்து கத்திக்கொண்டு வந்தவருக்கு முன்னால் கைக்குழந்தை உட்பட ஊரே கூட்டமாக நின்றது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்த நேரம் தனுஷியா இருமினாள். அடக்க அடக்க மேலேறி வந்த இருமல். அவர் அவளைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், பிறகு திரும்பி ஓட்டோக்காரனைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

அன்னப்பூரணி மகளுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இவள் ஒண்டும் அறியாதவள் ஐயா. பிள்ளைத்தாச்சி. வேணுமெண்டா என்னக் கொண்டு போங்க."

"இல்லம்மா, அந்தப் புள்ளைக்கு எப்பயிருந்து காய்ச்சல் எண்டு..."

"காய்ச்சல் இல்ல ஐயா! மழைத்தண்ணி பட்ட இருமல். எனக்கெண்டு இருக்கிறது இவள் ஒருத்திதான்."

அவள் குரல் போன போக்கைப் பார்த்து அவர் திகைத்துப்போனார். ஓட்டோ ஓட்டி வந்த சீனித்தம்பி வாவிக்கு இந்தப் பக்கத்து, படுவான்கரைக்காரன். அவன் இறங்கி வந்து அவர் காதோடு ஏதோ சொன்னான். கேட்கக் கேட்க அந்தக் கண்கள் மாறின. அவர் ஒலிவாங்கியைச் சீனித்தம்பியிடம் கொடுத்தார். ஒருவருக்கும் கிட்ட இல்லாமல் வேலியோரம் வரைக்கும் பின்னால் நடந்து போனார். அங்கே நின்று முகத்துத் துணியைக் கழுத்துக்கு இழுத்துவிட்டார்.

நாற்பது வயது மதிக்கத்தக்க, சவரம் செய்யாத, சாதாரணமான ஒரு முகம். சந்தைக்குப் போனால் பத்து பேரில் காணலாம்.

"அக்கா, என்ட பேர் முனாப். ஏறாவூர் ஆள். பிரதேச சபையில சுகாதார வேலை செய்யிறன். என்ட மூச்சு ஒங்கள்ல படக்கூடா எண்டுதான் இதக் கட்டின. இப்பிடி நினைப்பீங்க எண்டு எனக்கு ஓடல்ல. பிழை என்னிலதான்."

வினாயகமூர்த்திதான் பலகையிலிருந்தபடி கேட்டார்.

"தம்பி, ஒண்டு கேட்கட்டா? பண்டி திண்டவனுக்குத்தானே இது வாற?"

"நான் பிறந்த நாளில இருந்து தின்னாத ஆள் அண்ணன். எனக்கும் வரலாம். அப்ப பாத்துக்கொள்ளுங்க."

முதலில் ஒரு கிழவி சிரித்தாள். பிறகு வளவு முழுக்கச் சிரித்தது. முனாப்பும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்க முதல், துணியைத் திரும்பக் கட்டிக்கொண்டு, வந்த விசயத்தைச் சொன்னார். உலகம் முழுக்கப் பரவுகிற புதுக் காய்ச்சல் இது. இருமலிலும் தும்மலிலும் வருகிறது, இறைச்சியில் அல்ல. கனபேருக்கு வீட்டிலேயே மாறிவிடும். சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். காய்ச்சல்காரர் ஓரிடத்தில் ஒதுங்கிக் கிடக்க வேண்டும். "ஆனா வயித்துப் பிள்ளைக்காரிய மட்டும் வீட்ட வச்சிப் பாக்கக் கூடா. நெஞ்சுக்குள்ள இறங்கினா ரெண்டு உயிருக்கும் ஆபத்து. கெதியா மருந்து குடுத்தா தப்பலாம்."

பிறகு "போகலாம், எல்லாரும் வீட்ட போங்க" என்றார். ஒருவரும் அசையவில்லை. இவ்வளவு சுருக்காய் யாரும் அவர்களைப் போகச் சொன்னதில்லை. வினாயகமூர்த்தி பலகையைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்த பிறகுதான் சனம் நம்பிக் கலைந்தது.

மிஞ்சியது தாயும் மகளும்.

"நானும் வாறன்" என்றாள் அன்னப்பூரணி.

"வாட்டுக்குள்ள ஒருத்தரையும் விடமாட்டாங்க அக்கா. ஒங்களுக்கும் தொண்டை கட்டியிருக்கு. நீங்க வீட்டோட இருக்கணும். ஆஸ்பத்திரியில நானே குடுத்திட்டு வாறன்."

"கொண்டு போனா மறுகா எனக்கு ஆரு சொல்லுற? என்ட மனிசனையும் வாகனத்திலதான் ஏத்தின. பெரியகல்லாத்தில என்ட அக்காவக் கடல் கொண்டுபோச்சி, அதையும் கொள்ளி வச்ச பிறகு ஆரோ சந்தையில சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்களுக்கு ஒண்டும் வந்து சேராது தம்பி."

தன்னையறியாமல் ஐயாவைத் தம்பியாக்கிவிட்டாள்.

"நான் வந்து சொல்லுறன் அக்கா. ஒவ்வொரு நாளும் பின்னேரம், ஒங்கட வேலிக்கு வெளிய நிண்டு. நல்லதோ கெட்டதோ, உள்ளத அப்பிடியே சொல்லுவன்."

"எல்லாரும் வாறன் எண்டுதான் சொன்ன."

தனுஷியாதான் பேசினாள். "அம்மா, எனக்கு மூச்சு முட்டுது. கைய விடு."

பிள்ளை வாயால் கேட்ட பிறகு தாய் என்ன செய்வாள்? விரல் விரலாகக் கையை விட்டாள். ஓட்டோ துறைப் பக்கம் திரும்பி மறையும்வரை நின்றாள். அழுகை வரவில்லை. அவளுக்கு வரவேண்டிய அழுகையெல்லாம் தொண்ணூறாம் ஆண்டே வற்றிப்போயிருந்தது.

அன்று பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. இந்த மழைக்கு எவன் வாவி கடந்து வருவான் என்று அன்னப்பூரணி தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, ஆனாலும் வாசற்படியை விட்டு எழும்பாமல் இருந்தாள். குடையும் சேறுமாக முனாப் வந்து வேலிக்கு வெளியே நின்றார்.

"அக்கா! சேர்த்தாச்சு. மருந்து தொடங்கியாச்சு. மூணாம் வாட்டு, யன்னல் பக்கக் கட்டில். கஞ்சி குடிச்ச."

அடுத்த நாள் கெட்ட சேதி கொண்டுவந்தார். "பொய் சொல்லக் கூடா அக்கா. மூச்சு எடுக்கக் கொஞ்சம் கஸ்டப்படுறா. ஒட்சிசன் வச்சிருக்காங்க. வயித்துக்குள்ள பிள்ளைக்கு ஒண்டுமில்ல, துடிப்பு நல்லம் எண்டு டொக்டர் சொன்ன." அன்னப்பூரணி வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடி விழுந்த மாதிரித்தான் இருந்தது. ஆனாலும் விழுந்த இடம் எதுவென்று தெரிந்தது. இத்தனை வருசமும் அவள் பட்டது அதைவிடக் கொடுமை. எந்த இடத்தில் நிற்பது என்றே தெரியாமல் நின்றது.

அவளுக்கு மட்டுமல்ல, ஊருக்கே முனாப் சேதி கொண்டுவந்தார். ஒலிபெருக்கி திரும்ப வரவேயில்லை. படுவான்கரைக்குக் குரலை அனுப்பிச் சரிவராது, ஆள்தான் போகவேண்டும் என்று அவர் சபையில் போய் நின்று கேட்டதாகவும், தவிசாளர் அன்றைக்கே ஊருக்கு ஒருவராகப் பிரித்துவிட்டதாகவும் சீனித்தம்பி சொன்னான். பஞ்சி, அலுப்புப் பாராமல் ஒவ்வொரு வேலியாக நின்று, எங்கே எத்தனை பேருக்குக் காய்ச்சல், எந்தக் கதை பொய், கிளினிக் எப்போது என்று முனாப் சொல்லிக்கொண்டே போவார். வினாயகமூர்த்தி அவரைக் கண்டால் போதும், "தம்பி, இண்டைக்கு ஆட்டிறைச்சி தின்னலாமா?" என்று தொடங்கிவிடுவார்.

ஒரு பின்னேரம் முனாப் வெகுவாகப் பிந்தினார். மிதவைப் பாதை பழுதாகி, யாரோ ஒருவருடைய தோணியைக் கேட்டு வந்திருந்தார். காற்சட்டை இடுப்புவரை நனைந்திருந்தது. அன்னப்பூரணி முற்றத்துக்கு ஓடி வந்தாள்.

"என்ன தம்பி? என்ன?"

"பயப்படாதீங்க. நேற்றுப் போலதான். புதுசா ஒண்டுமில்ல அக்கா."

"ஒண்டுமில்லாததுக்கா இந்தக் காத்துக்குள்ள தோணியில வந்த நீங்க?"

"ஒண்டுமில்ல எண்டு சொல்லாட்டி நீங்க என்னெல்லாம் நினைப்பீங்க?"

அன்னப்பூரணி குசினிக்குப் போனாள். தேத்தண்ணி ஊற்றி, சீனியை அள்ளிப் போட்டு, வேலிக்கம்பில் கோப்பையை வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். அவர் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் அதன்பாட்டுக்கு வடிந்தது. துடைக்க மறந்துபோனாள். புருசன் போன பிறகு, அவள் எதை நினைத்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்துப் பார்த்த ஒரு மனிதரை அன்றைக்குத்தான் கண்டாள்.

அதற்கடுத்த நாள் ஒட்சிசனைக் கழற்றிவிட்டார்கள் என்ற சேதி வந்தது. காய்ச்சல் இறங்கிவிட்டது. சோறு கேட்கிறாள். வெள்ளிக்கிழமை விடுவார்கள்.

அந்தச் சேதி வந்து முனாப் அடுத்த வேலிக்குப் போயிருந்த நேரத்தில்தான் உதயரூபன் படலையைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தான். காலில் வயற்சேறு காயவில்லை. பஸ்ஸில் யாரோ சொன்னார்களாம், முகத்தை மூடிக்கொண்டு வந்த ஒருத்தன் உன் பெண்சாதியை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான் என்று. அவனுக்கு மூச்சு வாங்கியது.

"மாமி, தனுஷியா எங்க? ஆரு கொண்டுபோன? ஏன் விட்ட நீங்க?"

"இரு மனே" என்றாள் அன்னப்பூரணி. "அங்கால, என்னில படாம இரு. எல்லாம் சொல்லுறன்."

சொன்னாள். எந்த ஆஸ்பத்திரி, எந்த வாட்டு, கட்டில் எந்தப் பக்கம். முதல் நாள் குடித்தது கஞ்சி. மூச்சு முட்டினது எந்த நாள், அதற்கு என்ன வைத்தார்கள், பிள்ளையின் துடிப்பைப் பற்றி டொக்டர் என்ன சொன்னார். ஒன்றும் நடக்காத நாளில் ஒன்றும் நடக்கவில்லை என்பதையும் சொன்னாள். அவன் இடையிடையே கேட்டான். கேட்டதற்கெல்லாம் அவளிடம் பதில் இருந்தது. கொண்டுபோன ஆளின் பெயர் என்ன என்று கேட்டதற்கும் இருந்தது.

"முனாப்" என்றாள். "பிரதேச சபைத் தம்பி. அந்தா, மூர்த்தியண்ணன்ட வேலியில நிண்டு கதைக்கிற. போய்க் கேளு. உனக்கும் சொல்லுவார்."